தாள்

பல் டாக்டரம்மா கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது பளிச்சக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊரை விட்டு வெளிநாடு வந்த பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் கூட்டம் அது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கப்பலில் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்புவார்கள். தலைவி, பல் டாக்டரம்மா. பளிச்சக்கா பத்தொன்பது மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்ப்பவள். அவள் துடைத்த குழாயில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று யாரோ சொல்லப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சேர்ந்த எட்டு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை பெட்டி தூக்குவது, ஒட்டுவது, மறுபடி தூக்குவது. கருத்துச் சொல்ல அங்கே படித்தவர்களுக்கா பஞ்சம்?

ஆனால் இன்றைக்குக் கடிதம் அவள் பேட்டைக்கே வந்துவிட்டது. ஒரு தலைமையாசிரியை எழுதியிருந்தார்: "எங்கள் மாணவிகளின் கழிப்பறைகள் பதினொன்றுக்கும் தாள் இல்லை. பெரிய பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கே வருவதில்லை. தாள் மட்டும் கிடைத்தால் போதும்."

"அங்கயும் பேப்பருக்கு மாறிட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

"காலம் எங்கயோ போயிடுச்சு. நாமதான் இன்னும் சொம்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம்" என்ற பல் டாக்டரம்மா, பளிச்சக்கா பக்கம் திரும்பினார். "இதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல. எந்த ரகம், எத்தனை பெட்டி, நீங்களே சொல்லுங்க."

பளிச்சக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இரண்டு அடுக்கா மூன்று அடுக்கா, எது குழாயை அடைக்கும், எது ஈரக்காற்றில் நமுத்துப்போகும் என்று பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினாள். வக்கீலம்மா குறிப்பெடுத்தார், குறிப்பு! புதன்கிழமைக்குள் பல் டாக்டரம்மாவின் கார் கொட்டகையில் பெட்டிகள் கூரையை முட்டி நின்றன. சனிக்கிழமை லாரி வரும். பெட்டிகளில் பள்ளியின் முகவரியும் போன் நம்பரும் எழுதி ஒட்டும் பொறுப்பும் அவளுக்கே.

வியாழக்கிழமை காலை ஏழாம் மாடிப் பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவின் தாழ்ப்பாள் கழன்று தொங்கியது. பளிச்சக்கா பையிலிருந்த திருப்புளியை எடுத்து முடுக்கினாள். கதவைச் சாத்தி, தாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தாள்.

தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

அடிப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கதவைத் தாள் போடு, கதவைத் தாள் போடு என்று ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவள்தானே! காகிதச் சுருளையே மாற்றி மாற்றிப் புத்தியும் காகிதமாகிவிட்டது. அவளுக்குத் தெரியாத சங்கதியா அது? அவள் பள்ளியிலும் கதவு இருந்தது, தாள் இல்லை. சிநேகிதி வெளியே நின்று பிடித்துக்கொள்வாள். சிநேகிதி வராத ஒரு நாள், அதுவும் அந்த மூன்று நாட்களில் ஒரு நாள், கதவு விரியத் திறந்துகொண்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றதற்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது வாயைத் திறந்தால், கிடைத்த பத்து நிமிஷ மரியாதையும் காற்றோடு போய்விடும். திறக்காவிட்டால், பிள்ளைகள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், நீங்க கேட்டது பேப்பரா, தாப்பாளா?"

"தாப்பாள்தாம்மா. கதவெல்லாம் உளுத்துக் கெடக்கு. கதவுன்னு கேட்டா பெரிசாப் போயிடுமேன்னு தாளோட நிறுத்திக்கிட்டேன். எப்படியாவது கட்டை வச்சு அடிச்சுக்கலாம்னு."

அன்று சாயங்காலமே எல்லாரையும் கொட்டகைக்கு வரவழைத்தாள். பெட்டி மலைக்கு முன்னால் நின்று, தப்பைச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"எட்டாவதுல நான் படிப்பு ஏறாம நிக்கல. கதவுல தாள் இல்லாம நின்னேன்" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே தன்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

பல் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை படிச்சு என்ன, ஒரு தாளை ஒழுங்காப் படிக்கத் தெரியலையே எனக்கு" என்றார். பிறகு, "பதினோரு கதவையும் புதுசா அங்கயே செய்யச் சொல்லுவோம். பொறுப்பு உங்களோடது. நீங்க சரின்னாத்தான் சரி."

"அப்ப இந்தப் பேப்பரு?" என்றார் வக்கீலம்மா.

"நம்ம பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும்" என்றார் பல் டாக்டரம்மா.

கொட்டகையே சிரித்தது. பளிச்சக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதன்பின் எந்த மரம், எத்தனை கீல் என்று தச்சரைப் போனிலேயே படுத்தி எடுத்தாள். தாளை உள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளையும் எட்டிப் போடவேண்டும் என்று உயரம் சொன்னவளும் அவள்தான்.

இரண்டு மாதம் கழித்து, ஏழாம் மாடியில் இருந்தபோது பள்ளியிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தாள். பேச்சு எதுவும் இல்லை. காலடிச் சத்தம். கதவு சாத்தும் சத்தம். இரும்பு உரசி, 'டக்'. கொஞ்சம் தள்ளி இன்னொரு 'டக்'. உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், கொஞ்சம் அதட்டலாக:

"பிடிக்க வேணாம். நீ போடி."