பத்து விரல் மருதோண்டி

கலியாணத்துக்கு முதல் நாள் றிஷானாவின் பத்து விரல் நுனிகளிலும் வைத்த மருதோண்டி ஐந்து வருடமும் நான்கு மாதமும் அழியவில்லை. குறிஞ்சாக்கேணியில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. களப்போரத்து மரம், உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த இலை, அப்படித்தான் பிடிக்கும் என்றார்கள். நகம் சிவப்பாகவே வளர்ந்தது. குசினியில் கத்தி பட்டு உரிந்த இடத்தில் புதுத் தோலும் சிவப்பாகவே வந்தது. விசா என்று ஒன்று இல்லாதிருந்தால் அது பார்க்க அழகான விஷயம்தான்.

மாப்பிள்ளை ஹஸ்மிக்கு லண்டனில் ஒரு பேக்கரியில் வேலை. லீவு முடிந்து, கலியாணத்தின் பதினோராம் நாள் திரும்பிப் போய்விட்டான். அவளைக் கூப்பிடுவதற்கான கடதாசிகளை, கிண்ணியாவில் விசா போம் நிரப்பிக் கொடுக்கும் முனீப் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். றிஷானா ஆங்கிலப் பரீட்சை எழுதினாள், காசநோய்ப் பரிசோதனை செய்தாள், கொழும்புக்கு பஸ் ஏறினாள். அங்கே விசா அலுவலகத்தில் கைரேகை எடுக்கும் பெண் அவளுடைய விரல்களைக் கண்டதும் மெஷினை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

"மருதாணியோட எடுக்க ஏலாது தங்கச்சி. ரெண்டு கிழமையில அழிஞ்சிரும், பிறகு வாங்க."

இரண்டு கிழமை கழித்துப் போனாள். இரண்டு மாதம் கழித்தும் போனாள். தேசிக்காய், மண்ணெண்ணெய், கடல் மண், சேண்ட் பேப்பர், எதற்கும் அது மசியவில்லை. இதற்கிடையில் காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதத்தில் காலாவதியாகி, புதிது எடுத்து, அதுவும் காலாவதியானது. ஆங்கிலப் பரீட்சைக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். ஹஸ்மி லீவில் வந்தால் சம்பளம் குறையும், குறைந்தால் விசாவுக்குக் கேட்கும் வருமானத்துக்குக் காணாது என்று அவனாலும் அசைய முடியவில்லை. அந்த நாடு கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரு முடிவுத் திகதி இருந்தது, மருதோண்டிக்கு மட்டும் இல்லை. முனீப் அவளுடைய கைகளைப் படம் பிடித்து, இது உண்மையான கலியாணம்தான் என்பதற்கு அத்தாட்சியாக அனுப்பினார். அத்தாட்சியை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ரேகையும் வேண்டும் என்றார்கள்.

"இதெல்லாம் எழுதுறதுக்கு போமில ஒரு பெட்டியும் இல்ல புள்ள," என்று முனீப் கையை விரித்துவிட்டார்.

முதல் வருடங்களில் ஹஸ்மி தினமும் வீடியோவில் வருவான். "கையக் காட்டுங்க புள்ள, பாப்பம்" என்பான். அவள் காட்டுவாள். வேறு கதை இல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பான். போகப் போக அழைப்பு கிழமைக்கு ஒன்றாகியது. கதையும் சம்பளத் துண்டு, வாடகை ஒப்பந்தம், எந்தப் பக்கத்தில் கையெழுத்து என்று சுருங்கியது. ஐந்தாம் வருடம் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை நான்கு நிமிடம் கதைத்தார்கள். கையைக் காட்டும்படி அவன் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை அவளும் கவனிக்கவில்லை. மறுநாள் அரிசி கழுவும்போதுதான் பார்த்தாள், பத்து விரலும் வெளுத்திருந்தன.

உம்மா நஜ்முன் நிஸா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வட்டிலப்பம் அவித்தார். றிஷானா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஏன் என்று உம்மா கேட்டதற்கு, "தெரியா உம்மா" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொழும்பில் பத்து ரேகையும் முதல் தடவையிலேயே விழுந்தன. கணவரைக் கடைசியாக நேரில் கண்டது எப்போது என்று அதே பெண் கேட்டாள். றிஷானா போமை எட்டிப் பார்த்துத்தான் திகதியைச் சொன்னாள். ஏழாம் கிழமை விசா வந்தது.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் தங்கை ஸஹ்ரா அதே மரத்து இலையை அரைத்துக் கொண்டு வந்தாள். "மாப்பிள்ளைட்டப் போறவ மருதோண்டி இல்லாமப் போறதா," என்று பத்து விரலுக்கும் தொப்பி வைத்துக் கட்டினாள். மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகு கழுவிப் பார்த்தார்கள். அரைத்தவளின் உள்ளங்கை நன்றாகச் சிவந்திருந்தது. றிஷானாவின் விரல்களில் ஒன்றும் பிடிக்கவில்லை.

உம்மா அந்த விரல்களைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "அங்க எயார்போட்டிலயும் ரேகை பாப்பாங்களாம். இது வசதிதான் மகள்."

"ஓம்" என்று சொல்லிவிட்டு றிஷானா பெட்டியை நிறுத்துப் பார்க்கப் போனாள்.