ஷிராஸிலை வெட்டின கேக்

1.

முதலிலையே சொல்லிப்போடுறன்: இந்தக் கதை என்ரை இல்லை. கனடாவிலை எங்கடை மல்வேர்ன் வீட்டு பேஸ்மென்ற்றிலை வாடகைக்கு இருக்கிற ஃபர்ஹாத்தின்ரை. ஈரானிலையிருந்து அகதியா வந்தவன். அவன்ரை காதலன் சியாவஷ் இன்னும் அங்கை, ஷிராஸ் நகரத்திலை. எங்கடை தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கதை கேட்ட கிளிபோட் அண்ணைக்கு நான் இதை வாய்தவறிச் சொல்லிப்போட்டன்.

"பிள்ளை, உந்தக் கதையையே எழுதும். ஈரானிலை ரெண்டு ஆம்பிளையள் சட்டப்படி கலியாணம் முடிக்கினம். எதிர்காலக் கதை. ஆனா நம்பிக்கையா முடியவேணும், என்ன?"*

நம்பிக்கையாம். சரி, எழுதினன்.

(* கிளிபோட் அண்ணையின்ரை மகள் பேர்ணடெற் ஒஷாவாவிலை ஒரு பெட்டையைக் கலியாணம் முடிச்சிருக்கிறாள். இஞ்சை அதுக்குச் சட்டம் வந்து இருபது வருஷம். அந்தக் கலியாணப் படம் அண்ணையின்ரை சுவரிலை இல்லை.)

2.

முதல் தொடக்கம்: "தெஹ்ரான், 2061. மதகுரு இரண்டு மணமகன்களையும் பார்த்துப் புன்னகைத்து –"

(விட்டிட்டன். அந்த மதகுருவின்ரை முகம் எனக்கு வரவே இல்லை. சட்டம் கடவுள் தந்தது எண்டு சொல்லித்தான் அங்கை மதகுருமார் ஆளுகினம். அதைத் தாங்களே திருத்தினால் பிறகு எந்த முகத்தோடை கதிரையிலை இருக்கிறது?)

இரண்டாம் தொடக்கம்: "நீதிமன்றம் வரலாற்றுத் தீர்ப்பை –"

(எந்த நீதிமன்றம்? ஆணும் ஆணும் சேர்ந்தால் தூக்குவரைக்கும் போகலாம் எண்டு வைச்சிருக்கிற அதே நீதிமன்றமோ?)

ஃபர்ஹாத்துக்கு இங்கிலிசிலை சொல்லிக் காட்டினன். சிரிச்சான். எங்கடை பிள்ளையளிட்டைப் பழகின ஒரே தமிழ்ச் சொல்லாலை என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, அங்கை வழி ஏற்கெனவே இருக்கு. சியாவஷ் ஒப்பரேஷன் செய்து பொம்பிளையா மாறினால், அரசாங்கமே எங்களுக்குக் கலியாணம் எழுதும்."

"அவருக்கு அப்பிடி மாற விருப்பமோ?"

"மனசாலை பொம்பிளையா இருக்கிறவைக்கு அது பெரிய உதவி. சியாவஷ் ஆம்பிளை அக்கா. என்னை விரும்புற ஆம்பிளை. அவ்வளவுதான்."

3.

இனிக் கற்பனை இல்லை.

கிளிபோட் அண்ணை மல்வேர்னிலை பாதிப்பேருக்குச் சொந்தங்களைக் கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவல் பாத்துக் குடுத்த மனிசன். கலியாணம் முடிக்க வழியில்லாத சோடியையும் கனடா கூப்பிட விடும், உறவு உண்மையெண்டு காட்டினால். ஆனா ஃபர்ஹாத்திட்டை ஒரு படமும் இல்லை. அகப்பட்டால் உயிர் போகுமெண்டு ரெண்டு பேரும் எல்லாத்தையும் அழிச்சவங்கள்.

"படமில்லாமல் எப்பிடியடாப்பா? எங்கடை சனம் முழுக்கக் கலியாண அல்பத்தைக் காட்டித்தானே வந்து இறங்கினது," எண்டார் அண்ணை. "வீடியோ கோலிலை மோதிரம் போடுங்கோ. கேக் வெட்டுங்கோ. முகம் வடிவாத் தெரியவேணும், சொல்லிப்போட்டன்."

எங்களுக்கு அல்பம் எண்டால் விசா. அங்கை அது கழுத்துக்குக் கயிறு. எங்களிலை ஒருத்தருக்கும் அது மண்டையிலை ஓடேல்லை.

அண்ணையின்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபர்ஹாத் எங்கடை குசினியிலை கேக் வெட்டினான். அங்கை சியாவஷும் ஒண்டு வாங்கி வெட்டினான். சிரிச்ச முகம், கன்னத்திலை கிறீம். ஸ்கிறீனைப் படம் பிடிச்சு அவனுக்கும் அனுப்பினம். வடிவாத்தான் தெரிஞ்சுது.

4.

சியாவஷின்ரை ஃபோனிலை அந்தப் படங்களை அவன்ரை தமையன் கண்டிட்டான்.

பாஸ்போட்டைப் பறிச்சுப்போட்டான். ஒண்டில் ஒப்பரேஷன், இல்லாட்டிப் பொலிஸ். வாற மாசத்துக்குள்ளை முடிவு சொல்லவேணும்.

சியாவஷ் யாரோ ஒருத்தற்ரை ஃபோனிலையிருந்து ஃபர்ஹாத்துக்கு எழுதியிருந்தான்: "செய்தால் சட்டப்படி உன்ரை மனைவியா வருவன். நான் நானா இருக்கமாட்டன். ஆனா வருவன். நீ என்ன சொல்லுறாய்?"

நான் இதைக் கிளிபோட் அண்ணைக்கு ஃபோனிலை சொன்னன். சத்தியமாச் சொல்லுறன், அவற்ரை குரலே மலர்ந்துது.

"அப்ப நல்லதுதானே பிள்ளை! முறையான கலியாணம். ஃபைலும் சுகமாப் போகும். உம்மடை கதைக்கும் முடிவு கிடைச்சிட்டுது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "பேர்ணடெற்றையும் ஒப்பரேஷன் செய்யச் சொல்லுங்கோவன், சுவரிலை படம் மாட்டலாம்," எண்டன். அவர் ஃபோனை வைச்சிட்டார். மலரிலை இனி என்ரை கதை வராது. வராட்டில் போகட்டும்.

5. முடிவுகள்

அ) சியாவஷ் சம்மதிக்கிறான். விமான நிலையத்திலே ஃபர்ஹாத் பூங்கொத்தோடு நிற்கிறான். கதவு திறக்கிறது. வெளியே வருவது –

(ஆர் வாறது? எனக்கு எழுதத் தெரியேல்லை.)

ஆ) சியாவஷ் மறுக்கிறான். தமையன் பொலிஸ் நிலையத்துக்கு –

(இதை எழுத என்ரை கை வராது.)

இ) சட்டம் மாறுகிறது.

(வாற மாசத்துக்குள்ளையோ?)

ஃபர்ஹாத் மேலை ஏறி வந்து மேசையிலை இருக்கிறான். ஃபோன் முன்னாலை கிடக்கு. "அக்கா, நீங்கள் எழுதுற ஆள். நான் அவனுக்கு என்ன எழுத?" எண்டு கேக்கிறான். நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். வேறை என்னத்தைக் குடுக்கிறது?

வாசிக்கிற நீங்கள் மூண்டிலை ஒண்டை எடுங்கோ. நான் தடுக்கேல்லை. ஆனா எடுத்ததை எனக்குச் சொல்லவேண்டாம். வந்து அவன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. எங்கடை குசினியிலைதான் இருக்கிறான். தேத்தண்ணியைத் தொடவே இல்லை.