நெருப்பறியாத கால்

என் மகளுக்கு எங்கள் தெரு இரண்டு பெயர் வைத்தது. பிறந்தபோது பீடை. எட்டு வயதில் தெய்வம். நாங்கள் வைத்த பெயர் கௌரி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

நான் மாதம்மா. கொள்ளேகால் பக்கத்துக் காட்டு வெள்ளாமை கைவிட்டபோது மைசூர் நூல் மில்லுக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். மில்லுக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க எங்கள் ஜனம்தான். தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். என் வீட்டுக்காரர் சித்தையனின் அண்ணன் சென்னப்பன்தான் அதற்குப் பூசாரி. கோயிலில் மணியடிப்பதும் அவர், தெருவில் நாட்டாமை பண்ணுவதும் அவர்.

கௌரி பிறந்தபோது அவள் முதுகின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. மெல்லிய தோல் மூடியிருந்தது. கால்கள் இரண்டும் துவண்டு கிடந்தன. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "பால் காட்டாத அம்மிணி, தானா அடங்கிரும்" என்றாள். பக்கத்தில் நின்ற சென்னப்பனின் மனைவி நஞ்சம்மா, அதுதான் நல்லது என்று தலையாட்டினாள். பெற்று விழுந்த களைப்பிலும் எனக்கு அப்படி ஒரு ஆங்காரம் வந்தது. "அது அடங்கறது இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் மொதல்ல வெளிய போங்க" என்று கத்தினேன். பிள்ளையை மார்பில் போட்டேன். அவள் இழுத்துக் குடித்தாள். சாகப் பிறந்த பிள்ளையா அப்படிக் குடிக்கும்?

அவள் நடக்கவில்லை. கையை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்வாள், நான் எட்டி நடந்தாலும் பிடிக்க முடியாது. வாய் என் வாய்தான், அதில் சந்தேகமே வேண்டாம். சிறுநீர் மட்டும் அவள் சொல் கேட்காது, சொட்டிக்கொண்டே இருக்கும். அடிவயிற்றை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் கொஞ்சம் மொத்தமாக வெளியேறும் என்பதைக் குளிப்பாட்டும்போது நானே கண்டுபிடித்தேன். மீதியைத் துணி தாங்க வேண்டும். அந்தத் துணிகளைத் தெருக்குழாயில் அலசப் போனால் பெண்கள் குடத்தை இழுத்துக்கொண்டு நகர்வார்கள். "நகருங்க, நகருங்க, நல்லா நகருங்க, எனக்கு எடம் தாராளமாக் கெடைக்குது" என்பேன். உள்ளே எரியும். எரியாமல் இருக்குமா?

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. வீட்டுக்குள் அவளை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டுவார், கதை சொல்லுவார். வாசலைத் தாண்டினால் வேறு ஆள். வேட்டியில் ஈரம் பட்டுவிடுமோ, நாலு பேர் பார்ப்பார்களோ என்று பயம். வெளியே போனால் என் இடுப்புதான் அவளுக்கு வண்டி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா இருந்தார், தமிழ் பேசுகிறவர். "முதுகெலும்பு மூடாமப் பொறந்திருக்கும்மா. காலுக்கு வலியும் தெரியாது, சூடும் தெரியாது. நீ கண்ணால பாத்துத்தான் காப்பாத்தணும்" என்று அவர்தான் சொன்னார். அதிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றியதும் இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு தடவை பெருச்சாளி கடித்திருக்கிறது, பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்புறம் பழைய கம்பளியில் உறை தைத்துக் காலுக்குப் போட்டேன்.

அவளுக்கு எட்டு வயதில் மாரியம்மன் நோம்பி சாட்டினார்கள், திருவிழாவுக்கு நாள் குறித்துத் தெருவுக்கு அறிவித்தார்கள். குண்டம் இறங்கிக் கங்கின்மேல் நடக்கிறவர்கள் காப்புக் கட்டிக்கொண்டார்கள், என் வீட்டுக்காரரும் கட்டிக்கொண்டார். குண்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பெண்கள் பூவோடு எடுத்து வந்தார்கள். மண்சட்டியில் கங்கு வளர்த்துக் கையில் ஏந்தி வருவதுதான் பூவோடு. அந்தக் கங்கை நெருப்பு என்று சொல்லக்கூடாது, பூ என்றுதான் சொல்ல வேண்டும். கௌரியை வேடிக்கை பார்க்க வாசல்படியில் உட்காரவைத்தேன். கால் உறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். ஒரு குடம் தண்ணீர் பிடித்து வருவதற்குள் என்ன ஆகிவிடும் என்று குழாயடிக்குப் போனேன்.

மேளம் சட்டென்று நின்றது. பிறகு "தாயே! மகமாயி!" என்று சென்னப்பனின் குரல். குடத்தோடு ஓடிவந்தேன். தெருவே தரையில் விழுந்து கிடந்தது. நஞ்சம்மா தூக்கிவந்த சட்டியிலிருந்து ஒரு கங்கு கௌரியின் புறங்காலில் விழுந்து அங்கேயே கனன்றுகொண்டிருந்தது. தோல் தீயும் வாடை. அவளோ மேளக்காரரைப் பார்த்து, "ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க!" என்று கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை பேர் கும்பிட்டார்கள். ஒரு கை, ஒரே ஒரு கை நீண்டு அதைத் தட்டிவிடவில்லை!

நான் தட்டினேன். என் விரல் பொத்துக் கொப்புளித்தது. குடத்துத் தண்ணீரை அவள் காலில் ஊற்றினேன். "அம்மன் ஏந்தின பூவை அணைக்கறயே, பாவி" என்று நஞ்சம்மா அலறினாள். "உம் மக கால்ல விழுந்திருந்தா இப்படித்தான் கும்புட்டுட்டுக் கெடப்பியாக்கா?" என்று கேட்டேன்.

அன்று மத்தியானமே நர்சம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருந்து வைத்துக் கட்டினார். "இதுல சீழ் புடிச்சா ரத்தத்துல ஏறிரும்மா. உசுருக்கே ஆபத்து. இன்னொரு தடவை சூடு படக்கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்தால் உள்ளே நுழைய வழியில்லை. தேங்காய், எலுமிச்சம்பழம், மஞ்சள், வேப்பிலை. எட்டு வருஷம் எங்கள் வாசலில் கால் வைக்காத நஞ்சம்மா கௌரிக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். என் மகள் பக்கத்தில் உட்காரவே அருவருத்த சிறுமிகள் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். கௌரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு பூரிப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. எல்லாரையும் விரட்ட வந்தவள், வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நானும் மனுஷிதானே, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

மறுநாள் சென்னப்பன் வந்து சொன்னார்: "குண்டத்துல மொதல் அடி இந்தத் தடவை அம்மனோட அடி. கௌரியை நாங்க தூக்கிப் புடிச்சு, பாதத்தைப் பூவுல பதிச்சு எடுக்கறோம். அப்புறந்தான் நாங்க எறங்கறது."

"முடியாதுங்க மாமா. அவளுக்குச் சூடு தெரியாது. அதனால அழலே. அவ்வளவுதான். புண்ணு வரும், சீழ் புடிக்கும், செத்துப் போவா."

"அம்மனுக்கு ஏது புண்ணு?" என்று சிரித்தார். கட்டுப் போட்ட கால் அவர் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது.

அவர் போனதும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அவர் தலை குனிந்தே சொன்னார்: "எட்டு வருஷமா எங்கண்ணன் வூட்டு விசேஷத்துல நான் ஓரமா நின்னேன் மாதம்மா. நேத்து என்னைக் கூப்பிட்டுப் பந்தியில மொதல் எலையில உக்கார வெச்சாங்க. எம் மகளால எனக்கு ஒரு மருவாதி."

"அந்த எலைச் சோத்துக்கு அவ காலை விக்கறீங்களா?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு வசதி.

மிஞ்சியது கௌரி. அவளே ஆரம்பித்தாள். "அம்மா, நான் சாமியா?"

"இல்லடி."

"சாமி இல்லாட்டி அவங்கல்லாம் வர மாட்டாங்களா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வர மாட்டாங்க."

"அப்ப நான் சாமியாவே இருந்துக்கறேன். எனக்குத்தான் வலிக்காதே."

எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? அவள் காலை எடுத்து மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தேன். புண் வாய் பிளந்து சிவந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திரும்பாத. பாரு. இது யாரு காலு?"

"எங்காலு."

"மத்தவங்களுக்கு ஒண்ணுன்னா காலே கத்தும். உங்கால் கத்தாது. அதுக்கு வாய் நீதான். நீ விட்டுக் குடுத்தா அதைக் கேக்க ஆளே இல்ல கண்ணு."

அவள் அந்தப் புண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, "துணியைக் குடு, நானே கட்டறேன்" என்றாள். கோணலாகத்தான் கட்டினாள். நான் திருத்தவில்லை.

குண்டத்தன்று காலை மேளதாளத்தோடு, பூ ஜோடித்த நாற்காலியோடு வந்தார்கள். கௌரி வாசலுக்கு நகர்ந்து வந்து எல்லார் முன்னிலும் சொன்னாள்: "பெரியப்பா, காலு என்னுது. நான் தர மாட்டேன்."

"அம்மன் வெளையாடறா" என்றார் சென்னப்பன். இரண்டு பேர் அவளைத் தூக்கக் குனிந்தார்கள். நான் நிலைப்படியில் குறுக்கே நின்றேன். "தொட்டுப் பாருங்க" என்றேன். என் கையில் அரிவாள்மணை இருந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், அப்படியே எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் வேறு விதமாக நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

"அம்மன் கோவிச்சுட்டு மறுபடி பிளேக் வந்தா, பழி உந்தலையில" என்று சென்னப்பன் கத்தினார்.

"போன தடவை பிளேக் வந்தப்ப எம் மக பொறக்கவே இல்லீங்க. அப்பப் பழியை யாரு தலையில வெச்சீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. "அம்மனா வரலைன்னா அவ கோயில் பக்கமே வரப்படாது. பீடை பீடையாவே கெடக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு, காலி நாற்காலியோடு திரும்பிப் போனார்கள். கௌரி அந்த நாற்காலி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு நான் வீட்டில் உட்காருவேனா?

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தேன். சாமுண்டி மலைப்பக்கம் வெயில் ஏறியிருந்தது. குண்டத்தில் கங்கு தகதகவென்று கிடந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்வரிசையில் போய் நின்றேன். பெண்கள் விலகினார்கள், வழக்கம்போல. சென்னப்பன் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார்.

"கூட்டிட்டுப் போ இவளை."

"மாட்டேன். சாமியா வந்தா நாற்காலி, மகளா வந்தா நிக்கக்கூட எடமில்லையா? எந்த ஊரு நியாயமுங்க இது? இவளும் இந்தத் தெருவுல பொறந்தவதான். குண்டம் பாத்துட்டுத்தான் வருவா."

அவர் என்னிடம் பேசவில்லை. காப்புக் கட்டி, மஞ்சள் ஈரத்தோடு வரிசையில் நின்ற தம்பியைப் பார்த்து, "சித்தையா, உம் பொண்டாட்டியை அடக்குடா" என்றார்.

என் வீட்டுக்காரர் வரிசையை விட்டு வந்தார். காப்புக் கட்டியவர் குண்டத்து வரிசையை விட்டு விலகக்கூடாது. என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்தால் திருப்பி அடிப்பது என்றே நின்றேன். சத்தியமாக.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்து கௌரியை வாங்கினார். தூக்கித் தன் தோளில் உட்காரவைத்தார். "நீங்க எறங்குங்கண்ணா. நான் இந்தத் தடவை எறங்கலே. எம் மகளோட நின்னு பாக்கறேன்" என்றார்.

மேளம் தயங்கித் தயங்கி மறுபடி கிளம்பியது.

முதல் ஆள் குண்டத்தில் கால் வைத்த நேரத்தில்தான் அது நடந்தது. அவள் துணி தாங்கவில்லை. ஈரம் அவர் கழுத்தில் இறங்கி, மஞ்சள் பூசிய மார்பில் கோடு போட்டு வேட்டிவரை வழிந்தது. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். நஞ்சம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கௌரிக்குத் தெரிந்துவிட்டது. முகம் சிவந்து, குனிந்து அவர் காதில், "அப்பா, எறக்கி விடுப்பா" என்றாள்.

அவர் அவளுடைய கட்டுப் போட்ட காலில் கை படாமல், முழங்காலுக்கு மேலே இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்லாத் தெரியுதா கண்ணு, இல்ல இன்னுங் கொஞ்சம் முன்னால போலாமா?" என்று கேட்டார்.