என் கணினியில் யாருக்கும் வியர்ப்பதில்லை

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கிரிவலப் பாதை ஓரம், பௌர்ணமிக்கு மறுநாள் விடிகிற நேரம், ஒரு செருப்புக் கொட்டகை. எண்ணூறு ஜோடியைக் கலைத்துப் போட்டது நான்.

இல்லை, இப்படி: கலைத்தவன் பெயர் அருள்ராஜ். வேங்கிக்காலில் வாடகை வீடு, ஒரு மடிக்கணினி, 'வேலைமுறை ஆலோசகர்' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டு ஒரு கட்டு. (தப்பு செய்தவனுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் எழுத வசதி.)

2

கொட்டகைக்காரர் பலராமன் கேட்டது ஒன்றுதான்: நெரிசல் இல்லாமல் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வழி. அருள்ராஜ் இரண்டு பௌர்ணமி நின்று நேரம் குறித்தான். கணினியில் கட்டம் கட்டமாக வரைந்தான்: வருகிறார், கழற்றுகிறார், டோக்கன் வாங்குகிறார், மலையைச் சுற்றுகிறார், திரும்புகிறார். பக்தர்கள் புள்ளிகளாகித் திரையில் ஆயிரம் பௌர்ணமி நடந்தார்கள். எண் வரிசையில் அடுக்கினால் ஜோடிக்கு நாற்பது நொடி என்பது பதினொன்றாகும். ஒரு ஆள் போதும்.

அங்கே இருந்தது இரண்டு ஆள். பலராமனின் மச்சான் வேடியப்பன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ்செல்வி. யார் போகவேண்டும் என்று அறிக்கை சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

தமிழ்செல்வி டோக்கன் கொடுப்பாளே தவிர, திரும்ப வாங்கிப் பார்த்ததில்லை. ஒரே வேனில் வந்தவர்களின் செருப்பையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவாள்.

மூன்றாவது பௌர்ணமியில் அருள்ராஜ் அந்தக் கயிறுகளை அவிழ்த்து, செருப்புகளை எண் வரிசையில் அடுக்கினான்.

3

டோக்கன் காகிதம். இடுப்பில் செருகிக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் நடந்தால் வியர்வையில் எண் கரைந்துபோகும். திரையில் நடந்த புள்ளிகளுக்கு இடுப்பு இல்லை.

கூட்டம் தானே தேடி எடுக்கப் பாய்ந்தது. மாதம் தவறாமல் வரும் ஆதிமூலம் என்ற பெரியவர் அருள்ராஜிடம் வந்து நின்றார்.

"இன்னா சார், ரெண்டும் லெப்டு காலாகீது. அடுத்த மாசம் வந்தா ரைட்டு ரெண்டும் குடுப்பீங்களா?"

தமிழ்செல்வியின் கண்கள் கலங்கி, அவள்

(வேண்டாம். அவள் கலங்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறினாள்.)

"போளூர் வேன் இந்தாண்ட வாங்க! செங்கம் வேனு அந்தாண்ட குந்துங்க! யாரும் தொடாதீங்க!"

எந்தச் செருப்பு எந்த வேனுடையது என்று அவளுக்கு நினைவிருந்தது. ஒரு மணி நேரத்தில் எல்லார் காலிலும் செருப்பு.

4

"நான் பண்ணது தப்பாண்ணே?" என்று பலராமனைக் கேட்டான் அருள்ராஜ்.

"சேச்சே! டோக்கனைப் பிளாஸ்டிக்ல போட்டா தீந்துது. ஆளு ஜாஸ்தினு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

வேடியப்பனைக் கேட்டான். "டீ சாப்புடுறீங்களா சார்?" என்றான் அவன்.

5

முடிவு ஒன்று: பலராமன் அறிக்கையைக் கிழித்துப் போடுகிறார். (அவர் அதை லேமினேட் செய்துவிட்டார்.)

முடிவு இரண்டு: அடுத்த பௌர்ணமிக்கு எல்லா வேன்காரர்களும் தமிழ்செல்வி வந்தால்தான் செருப்பைக் கழற்றுவோம் என்கிறார்கள். (சினிமா.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் பிடிக்காமல், பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த தமிழ்செல்வியிடமே இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஆமாம், நான்தான்; அருள்ராஜ் டீ சாப்பிடப் போகட்டும். அவள் கைப்பையிலிருந்து கயிற்றுச் சுருள் எட்டிப் பார்த்தது. லெப்டு கால் வந்த இடத்தில் சிரித்தாள்.

"நல்லாத்தான் எழுதிகிறீங்க."

"நான் பண்ணது தப்பா? நீங்களாவது சொல்லுங்கம்மா."

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"தப்புதான் சார். அடுத்த பௌர்ணமிக்கு வர வேணாம்னுட்டாரு. உங்களாலதான். ஒரு ஆளு பத்தாதுனு எழுதி, அவருகிட்ட இப்பவே போய்க் குடுங்க. கதைய அப்பறமா எழுதிக்கலாம்."