மேசைக்கடியில் ஒரு டப்பா

சாமிதுரை வாத்தியாருக்குச் சுத்தம் என்றால் உயிர். அதாவது, மற்றவர்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில். திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் ஐந்தாம் வகுப்பை வரிசையாக நிறுத்தி நகம் பார்ப்பார், காதுக்குப் பின்னால் பார்ப்பார், குச்சியால் தலைமுடியை விலக்கிப் பேன் பார்ப்பார். காலனிப் பிள்ளைகளை மட்டும் இரண்டடி தள்ளி நின்றே பார்த்துவிடுவார். அவ்வளவு தூரத்திலிருந்தும் பேன் தெரிகிற கண் அவருக்கு. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் ஊறிக் கிடந்த வெற்றிலைச் சாற்றை மேசைக்கடியில் இருக்கும் டப்பாவில் துப்பிவிட்டு, சுகாதாரப் பாடத்தை ஆரம்பிப்பார். கண்ட இடத்தில் எச்சில் துப்பக் கூடாது என்று அந்தப் பாடத்தில் இருந்தது. அவர் டப்பாவில்தானே துப்பினார், அதில் என்ன தப்பு என்று யாராவது கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்கள் அந்த டப்பாவைக் கழுவிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

கழுவியவள் குஞ்சம்மாள். காலனியில் கிணறு வெட்டுகிற அய்யாக்கண்ணுவின் மகள். பத்து வயசு.

பள்ளிக்கூடத்துக்குப் பால்மாவு வந்த பழைய தகர டப்பா அது. அடியில் ஒரு பிடி மணல் போட்டிருக்கும். சாயங்காலம் ஆகும்போது மணல் தெரியாது. புகையிலையும் பாக்குச் சக்கையும் சிவப்பாகக் குழைந்து, மேலே நுரை கட்டி, விளிம்பில் காய்ந்து கறுத்து ஈ மொய்த்துக் கிடக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எருக்கஞ்செடிப் பக்கம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டினால் மட்டும் போகாது. வலது கை விரலை விட்டுச் சுரண்ட வேண்டும். குஞ்சம்மாளுக்கு ஒவ்வொரு நாளும் குமட்டிக்கொண்டு வரும். மண்ணைப் போட்டுக் கையைத் தேய்ப்பாள், எருக்க இலையைக் கசக்கித் தேய்ப்பாள். நாற்றம் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் மத்தியானம் கோதுமை உப்புமா போடும்போதும் அது அங்கேயே இருக்கும்.

அதனால் அவள் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியாரும் பார்த்தார்.

"எந்தக் கையால திங்கிறதுன்னுகூடத் தெரியாத ஜென்மம். இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஒரு கேடு" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து டப்பாவில் துப்பினார்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வாத்தியாரே ஏற்படுத்தியது, அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வெள்ளிக்கிழமைதோறும் கணக்குப் பரீட்சை. அதில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை அடுத்த வாரத்துக்கு லீடர். தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது லீடர். பானையிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுப்பது லீடர். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வாரம் யார் கூட்டுவது, யார் வெள்ளிக்கிழமை சாணி போட்டுத் தரை மெழுகுவது, யார் டப்பாவை எடுப்பது என்று வேலை பிரித்துச் சொல்வதும் லீடர்தான். "லீடர் சொன்னா சொன்னதுதான். இந்த ரூமுக்குள்ள இருக்கிற யாரா இருந்தாலும் கட்டுப்படணும். நான்கூட அதுல தலையிட மாட்டேன்" என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவார்.

தலையிட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. ஜூன் மாதம் முதல் வாரத்தில் விவரம் தெரியாத ஒரு லீடர் டப்பா வேலையை ஊர்த்தெருப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். மறுநாளே பையனின் அம்மா வாசலில் வந்து நின்று ஆடித் தீர்த்துவிட்டாள். அன்றையிலிருந்து டப்பா காலனிப் பிள்ளைகளுக்கு என்று ஆயிற்று. காலனியிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பையன்கள் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். மிச்சம் குஞ்சம்மாள். யார் லீடராக வந்தாலும், "டப்பா, குஞ்சம்மா" என்று முடிப்பார்கள். பாதிப் பேர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்வார்கள்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. அவள் லீடராக வேண்டும்.

கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆவணி மாதத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டாள். வாத்தியார் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விடைக்கு அடியில் கோடு போடவில்லை என்று அரை மார்க் குறைத்தார். பண்ணைவீட்டுப் பழனிவேல் முதல். அடுத்த தடவை கோடு போட்டாள். கோடு கோணலாக இருக்கிறது என்று அரை மார்க் போயிற்று. ஸ்லேட்டு விளிம்பை வைத்து நேராகக் கோடு போட்டாள். தாளில் கைஅழுக்கு பட்டிருக்கிறதாம், சுத்தத்துக்கு அரை மார்க். அந்த அழுக்கு சிவப்பாக இருந்தது. அது யாருடைய அழுக்கு என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் லீடரானால் தண்ணீர்ப் பானையைத் தொடுவாள். அவ்வளவுதான் விஷயம். அவள் குனிந்து கையேந்தி நிற்க, பழனிவேல் இடுப்புயரத்திலிருந்து தண்ணீரைத் தூக்கி ஊற்றுகிற வகுப்பு அது. இது புரிந்த நாளிலிருந்து அவள் வாத்தியாரின் வாயைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அந்த வாயிலிருந்து வருகிற வாய்ப்பாடுகூட எச்சில் பட்டதாகத் தோன்றியது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, செந்துறை பஸ்ஸிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். வாத்தியார் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், இளநீர் வரவழைத்தார், தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நீட்டினார், லீடர் முறையைப் பற்றியும் வழக்கம்போலச் சொல்லிக் காட்டினார். இன்ஸ்பெக்டரும் சளைத்தவர் இல்லை. நான்கு வெற்றிலையைச் சேர்த்து மடித்து வாய்க்குள் தள்ளினார். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் துப்பினார்கள்.

"இன்னிக்குப் பரீட்சையா? நானே கேக்கறேன். மனக்கணக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "முப்பது அடிக் கிணறு. அடியில ஒரு தவளை. பகல்ல மூணு அடி ஏறும், ராத்திரி ரெண்டு அடி வழுக்கிடும். எத்தனாவது நாள் வெளிய வரும்?"

"முப்பது சார்!" என்று பழனிவேல் எழுந்தான். வகுப்பே முப்பது என்று கத்தியது. வாத்தியாரும் தலையை ஆட்டினார்.

குஞ்சம்மாள் கடைசியில் எழுந்தாள். "இருவத்தெட்டு சார்."

"எப்படி?"

"இருவத்தேழு நாள்ல இருவத்தேழு அடி ஏறியிருக்கும். மறுநாள் மூணு அடி ஏறுனா வெளிய வந்துடும். அப்பறம் எங்க சார் வழுக்குறது?"

இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கெட்டிக்காரி! ஒம்ம லீடர் யாருய்யா? ஏதோ லீடர் முறை வச்சிருக்கேன்னீரே. இவதானே?"

வாத்தியார் மென்று விழுங்கினார். "அது... வர்ற வாரத்துக்குங்க. திங்கக்கெழமதான்..."

"அதென்ன திங்கக்கிழமை? நான் பாக்கணுமில்ல. இப்பவே வேலை பிரிக்கட்டும். யாரா இருந்தாலும் கட்டுப்படணும்னு சொன்னீரே."

குஞ்சம்மாள் முன்னால் வந்து நின்றாள். எட்டு மாதமாக மனதுக்குள் அவள் இந்த வேலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் பழனிவேல் பெயரைப் போடுவாள், ஒரு நாள் முகத்தைப் பார்க்காமல் சொன்னவர்களின் பெயரைப் போடுவாள். ஆனால் அந்தச் சக்கையில் விரலை விட்டுச் சுரண்டுவதை நினைத்ததும் யார் பெயரும் வாயில் வரவில்லை. பகையாளிக்குக்கூட அந்த வேலையைக் கொடுக்க மனம் வரவில்லை.

கூட்டுவதற்கு இரண்டு பேர் பெயரைச் சொன்னாள். மெழுகுவதற்கு இரண்டு பேர். தண்ணீர் தானே மொள்வதாகச் சொன்னாள். அப்புறம் மேசையைப் பார்த்தாள்.

"டப்பா, சாமிதுரை சார்."

இன்ஸ்பெக்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். "ஒம்ம சட்டம்தானய்யா! எடும், எடும்!" என்றார். அவருக்கு அது தமாஷ். அந்த டப்பாவை இதுவரை யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் கடைசியாக ஒரு தடவை துப்பிவிட்டுத்தான் பஸ் பிடிக்க எழுந்தார். சாமிதுரை வாத்தியார் வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு எருக்கஞ்செடிப் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை லீடர் முறையே ஒழிந்துபோயிற்று. "இனிமே எல்லாம் நான் சொல்றதுதான். குஞ்சம்மா, டப்பாவ எடு."

"இந்த வாரம் நான் லீடரு சார். சொல்லிட்டேன்."

புளியம் விளாறு முறிகிற வரைக்கும் அடித்தார். அவள் எடுக்கவில்லை. "ஒங்கப்பன கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன். இல்லன்னா நீ அஞ்சாவது தாண்டமாட்ட" என்று வெளியே தள்ளினார். ஐந்தாவதோடு அந்தப் பள்ளிக்கூடம் முடிகிறது. தாண்டினால்தான் செந்துறையில் ஆறாவது. தாண்டாவிட்டால் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அய்யாக்கண்ணு கூலியை விட்டுவிட்டு வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றார். பின்னால் வேப்பமரத்தடியில் குஞ்சம்மாள்.

"சின்னப் புள்ள, தெரியாமப் பேசிப்புடுச்சுங்க. முழுப்பரீட்ச வரைக்கும் ஒக்கார வச்சிருங்கய்யா."

வாத்தியாருக்கு வாய் நிறைய வெற்றிலை. கால் கட்டை விரலால் டப்பாவை மேசைக்கடியிலிருந்து வெளியே தள்ளினார். இரண்டு நாளாக யாரும் எடுக்காத டப்பா. வீம்புக்கென்றே அதில் துப்பித் துப்பி நிரப்பியிருந்தார். வழிந்து தரையில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

அய்யாக்கண்ணு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு துண்டை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வந்து குனிந்து டப்பாவை எடுத்தார். தளும்பிய எச்சில் அவர் கட்டைவிரல் மேல் வழிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் பட்ட பாடு மட்டும் கழுத்து நரம்பில் தெரிந்தது.

குஞ்சம்மாளுக்குத் தன் விரலில் அது வழிந்த நாட்களில் வராத ஆத்திரம் அப்போது வந்தது. அழுகைகூட இல்லை, வெறும் அருவருப்பு. அந்த நாற்காலி, அந்த வேட்டி, மென்றுகொண்டே இருக்கிற அந்த வாய் எல்லாவற்றின் மேலும். ஓடிவந்து அப்பா கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினாள். நேரே போய் மேசையின் மேல், வருகைப் பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"இது ஒங்க எச்சி சார். நீங்களே வச்சுக்குங்க."

டப்பாவின் பக்கவாட்டில் ஒரு சொட்டு இறங்கிப் பதிவேட்டின் அட்டையில் பரவியது. முன் வரிசையில் இருந்த பழனிவேல் மூக்கைப் பொத்திக்கொண்டான். பிறகு பக்கத்தில் இருந்தவன் பொத்திக்கொண்டான். கடைசி வரிசை வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார்கள். அதுவரை அந்த நாற்றம் குஞ்சம்மாளிடமிருந்து வருகிறது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

"வெளிய போ! ஒம் மவளுக்கு இங்க எடமே இல்லடா!" என்று வாத்தியார் கத்தியது ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

மதகுத் தண்ணீரில் அப்பாவும் மகளும் உட்கார்ந்து கை கழுவினார்கள். அய்யாக்கண்ணு மண்ணை அள்ளித் தேய்த்தார், கல்லில் உரசினார், மோந்து பார்த்தார், மறுபடி தேய்த்தார்.

"ஏன் ஆயி இப்புடிப் பண்ணுன? நான் எடுத்துக் கொட்டிட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்குமுல்ல?"

"முடியாதுப்பா. நாளைக்கும் எடுக்கணும்."

அவர் கையை மறுபடி மோந்தார். முகம் கோணியது. "போவ மாட்டேங்குதே. இதோடயா இம்புட்டு நாளும் சோறு தின்ன?"

"இந்தக் கையால திங்கலப்பா. எடது கையாலதான் தின்னேன்."

அய்யாக்கண்ணுவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, பீச்சாங்கையால சோறு திங்கிறியே, மானம் போவுதே என்று எல்லோர் முன்னாலும் அவள் தலையில் குட்டியவர் அவர்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் கையை மாற்றி, நாலு வாய் சாப்பிட்டு, வெளியே போய் வாந்தியெடுத்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

பிறகு அவள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கி, ஒவ்வொரு நகமாகப் பிடித்து, மண் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"நாளைக்கிக் காலம்பற செந்துறைக்குப் போவோம். அங்கன அஞ்சாவது இருக்கான்னு கேப்போம்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.