உள்தாழ்ப்பாள்

ஒரகடம் சாலையில் இருந்த எங்கள் பொறியியல் கல்லூரியில், வெளிநாட்டு மாணவர்களின் மனக்குறை கேட்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். 'ஜெபகுமார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், பொறுமை இருக்கும்' என்று என்னைப் பற்றி நினைத்துவிட்டார்கள். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம்.

தொண்ணூற்றொன்று பிப்ரவரியில் கென்யாவிலிருந்து வந்த ஒரு பையன் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு செத்துப்போனான். கதவை உடைத்தவன் நான். மறுவாரமே வெளிநாட்டுப் பையன்களின் அறைகளில் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார் பிரின்சிபால். எனக்கும் அது சரியென்றே பட்டது.

யாழ்ப்பாணத்து யோகராசா அப்போதே என்னிடம், "சாக வேணும் போல கிடக்கு சேர்" என்று சொல்லியிருந்தான். தினமும் மாலையில் என்னை வந்து பார்ப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவனும் தவறாமல் வந்தான்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. விடுமுறைக்கும் ஊருக்குப் போக வழியில்லாமல் விடுதியில் யோகராசா மட்டும் இருந்தான். மறுநாள் பட்டப்பகலில், இலங்கைக்காரனைத் தேடி ஒரு கும்பல் உள்ளே புகுந்தது.

நான் ஓடியபோது அவன் அறைக் கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் இல்லாததால் கட்டிலை இழுத்து முட்டுக்கொடுத்திருக்கிறான். ஒரே உதையில் போய்விட்டது. சைக்கிள் செயினால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ரத்தம்.

"நீ இன்னா சார், இவனுக்கு மாமனா? ஒத்திக்கோ!" என்றான் ஒருத்தன்.

கையில் கிடைத்த ஹாக்கி மட்டையால் அவன் தோளில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த குத்தில் என் முன்பல் போயிற்று. வாட்ச்மேன் டில்லிபாபு, "போலீஸ் வந்துகினு கீது!" என்று கத்தியதும்தான் ஓடினார்கள்.

படப்பை டாக்டரிடம் தையல் போட்டுத் திரும்பியதும் யோகராசா ஒன்றே ஒன்று கேட்டான்.

"தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுத் தாங்கோ சேர்."

பிரின்சிபால் குதித்தார். "போட்டா செத்துப்போவான்யா!"

"போடலன்னா கொன்னுடுவாங்க சார்!" என்று கத்தினேன்.

ஸ்டோரிலிருந்து தாழ்ப்பாளை எடுத்துவந்து நானே முடுக்கினேன். என் பாயையும் உள்ளே கொண்டுபோய் விரித்தேன்.

"இன்னிக்கும் சாகணும் போல இருக்கா?"

"ஓம் சேர்."

"சரி, நானும் உள்ளதான் இருக்கப்போறேன்" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவன் எழுந்து வந்து, தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று கதவை இழுத்துப் பார்த்தான். பிறகு என் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, அடிபட்ட பின் முதல்முறையாக அழுதான்.