கரும்புகையும் ஆறு சதவீதமும்

பாய்லரின் புகைபோக்கி காலையிலிருந்து கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. திரையிலோ புகையில் ஆக்சிஜன் ஆறு சதவீதம் என்று காட்டியது. அவ்வளவு மிச்சமிருந்தால் புகை கறுக்காது. திரையை நம்பிய தானியங்கி கன்ட்ரோலர் நெருப்புக்குப் போகும் காற்றைக் குறைத்துக்கொண்டே போக, புகை இன்னும் கறுத்தது.

அந்த ஆக்சிஜன் சென்சாரை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சரிபார்த்தவள் கிறிஸ்டினா. பேக்கிங்கிலிருந்து இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்கு வந்தபின் அவள் தனியாகச் செய்த முதல் வேலை அது.

"மதியத்துக்குள்ள சரியாகலன்னா வெளி ஆளைக் கூப்பிடறேன். நீ பேக்கிங்குக்கே போயிடும்மா" என்றார் இன்ஜினியர் சந்திரமோகன். குரலில் கோபமே இல்லை. இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்தவர்போல் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது.

கீழே பேனலில் சென்சாரின் ஒயரைப் பார்த்தாள். ஹீட்டரைப் பார்த்தாள். இரண்டும் சரி. நான் எங்கே தப்பு செய்தேன், எதை மறந்தேன்? ஆரணி வீட்டில் மிக்ஸி நின்றாலும் முதலில் அவளுக்குத் தோன்றுவது இந்தக் கேள்விதான். எது உடைந்தாலும் தன் கையைத்தான் முதலில் சந்தேகிப்பாள். அந்தச் சந்தேகம் இத்தனை வருடத்தில் ஒரு மிக்ஸியைக்கூட ஓட வைத்ததில்லை. நினைத்ததும் சிரிப்பு வந்தது.

சரி, இந்தக் கருவிக்கு என்ன வேண்டும்? உள்ளே இருக்கும் புகையை அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. வெளிக்காற்று போக அதன் தலையில் சின்னத் துளை உண்டு. அது அடைபட்டால் இல்லாத ஆக்சிஜனை இருப்பதாகக் காட்டும்.

பாய்லர் ஆபரேட்டர் லோகுவோடு, சென்சார் பொருத்தியிருந்த மேடை ஏறினாள். சென்சாரின் தலையில், துளை இருந்த இடத்தில், சூட்டில் காய்ந்து கல்லாகியிருந்தது ஒரு பெரிய சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"லோகுண்ணா, இது இன்னா?"

"பூஜைக்கு வெச்சதும்மா. நீ பாக்கற மிஷினாச்சேன்னு கொஞ்சம் பெர்சாவே வெச்சேன்."

"நல்லா வெச்ச. மூக்கையே மூடிட்ட."

லோகுவின் முகம் சுருங்கியது. அவள் ஈரத்துணியால் சந்தனத்தை ஊறவைத்துத் துடைத்தாள். துளை தெரிந்தது. கீழே வந்து திரை முன் நின்றார்கள். ஆறு ஐந்தானது. பிறகு மூன்று, ஒன்று. உண்மை அளவைக் கண்ட கன்ட்ரோலர் காற்றைத் திறந்தது. வெளியே புகை சாம்பல் நிறமாகி, மெல்ல வெளுத்தது.

சந்திரமோகன் வந்தார். "இன்னா பிரச்சனை?"

"காத்து போற துளை அடைச்சிருந்துச்சு சார்" என்றாள் கிறிஸ்டினா. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"நான்தான் சார், பொட்டு வெச்சு அடைச்சிட்டேன்" என்றான் லோகு.

சந்திரமோகன் திரையைப் பார்த்தார். "ரெண்டாவது பாய்லர் சென்சாரையும் இனிமே நீயே பாத்துக்கோ" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கிறிஸ்டினா டூல் பையைத் தூக்கினாள். சட்டென்று திரும்பினாள். "அண்ணா, அதுக்கும் பொட்டு வெச்சியா?"

"அதுக்கு மட்டும் வெக்கலன்னா கோச்சிக்காதா?"

ஈரத்துணியை அவன் கையில் கொடுத்தாள். "வா, போலாம்."